துவர்க்கும் குழை: போடி மலைச்சரிவில் வெள்ளாட்டுத் தீவனம்

வெள்ளாட்டுக்கு ஒடித்துப் போடும் இலைக்கொத்துக்குத் தென்மாவட்டங்களில் குழை என்று பெயர். மாட்டுக்குப் புல்லும் வைக்கோலும், செம்மறிக்குத் தரைமேய்ச்சல், வெள்ளாட்டுக்குக் குழை என்பது ஊர்க்கணக்கு. போடிநாயக்கனூரிலிருந்து முந்தல் வழியாகப் போடிமெட்டுக்கும், கொட்டகுடிப் பக்கமாகக் குரங்கணிக்கும் ஏறும் சரிவுகளில் கிடைக்கும் குழையில் பெரும்பகுதி துவர்ப்பானது. வேல், உசில், இலந்தை, நாவல், புளி, மா, பலா என்று எதன் இலையை மென்றாலும் வாய் வறண்டு நாக்கு இழுக்கும். அந்த இழுப்பைச் செய்யும் பொருள் டானின். எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்து இறுக்குவது அதன் குணம். பச்சைத் தோலைப் பதப்படுத்தும்போதும் அது செய்வது இதே வேலைதான். 1796இல் பிரான்சின் அர்மான் செகுவன் அதற்கு டானின் என்று பெயரிட்டது தோல் தொழிலை வைத்து. தமிழ் மருத்துவம் நாக்கை வைத்து அதைத் துவர்ப்பு என்று அறுசுவையில் சேர்த்திருந்தது.

ஆடு எதைத் தின்னும், எதைத் தின்னாது என்ற அறிவு தமிழில் செடிப்பெயர்களாகவே தங்கிவிட்டது. ஆடு தொடாத இலை ஆடாதோடை ஆனது என்பார்கள். 1753இல் லின்னேயஸ் அந்தச் செடிக்கு அறிவியல் பெயர் வைத்தபோது ‘அதாதோடா’ என்றே அதைச் சேர்த்துக்கொண்டார். வறண்ட நிலத்தில் படரும் ஆடுதின்னாப்பாளை இன்னொன்று. இரண்டும் கசப்பான செடிகள் என்பதைக் கவனிக்க வேண்டும். இப்படிப்பட்ட கடுங்கசப்பைக் கண்டால் ஆடு விலகும். துவர்ப்பைக் கண்டால் விலகாது. அளவு பார்த்துத் தின்னும். நாலு வாய் வேலிலை, அடுத்த புதரில் இரண்டு வாய் சூரை, பிறகு தரையில் ஏதோ ஒரு கொடி என்று நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரு மரத்தடியில் நின்று வயிறு முட்டத் தின்னும் வெள்ளாட்டைப் பார்ப்பது அரிது. இந்த நகர்வைப் பொறுமையின்மை என்று நினைப்பவர்கள் ஆடு மேய்க்காதவர்கள்.

போடி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 350 மீட்டர் உயரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருக்கிறது. 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போடிமெட்டை அடையும்போது உயரம் 1,400 மீட்டரை நெருங்குகிறது. இந்த ஒரே ஏற்றத்தில் மூன்று விதமான குழை கிடைக்கிறது. அடிவாரத்தில் முட்காடு: வெள்வேல், கருவேல், இலந்தை, சூரை, உசில். (மதுரை போகும் சாலையில் உள்ள உசிலம்பட்டிக்குப் பெயர் தந்தது இந்த உசில்தான், இலையைப் பொடித்தால் தலைக்குத் தேய்க்கும் அரப்பு, பச்சையாக ஒடித்தால் ஆட்டுக்குக் குழை.) அடிவாரத்துத் தோப்புகளில் மா, புளி, இலவம். நடுச்சரிவில் கோடையில் இலையுதிர்க்கும் காடு: வெக்காலி, தான்றி, கடுக்காய், நெல்லி. மேலே ஏலத்தோட்டங்களின் நிழல்மரங்கள், அவற்றில் பலாவும் முருக்கும். வெயிலில் காய்ந்து, மெலிந்த மண்ணில் நிற்கும் மரத்தின் இலையில் டானின் கூடும். ஈரத்திலும் நிழலிலும் வளர்வதில் குறையும். அதனால் அடிவாரத்துக் குழைக்கு இழுப்பு அதிகம், மேலே போகப் போக இலை சாதுவாகிறது.

குழை போடும் முறைக்குப் பெரிய கருவி ஏதும் கிடையாது. மூங்கில் கழியின் நுனியில் வளைந்த சிற்றரிவாளைக் கட்டினால் துரட்டி. அதை மாட்டி இழுத்தால் கொப்பு முறிந்து விழும். தாய்க்கொப்பை வெட்டாமல் நுனிக்கொப்பை மட்டும் ஒடிப்பது பழகிய கை. அப்படி ஒடித்த மரம் அடுத்த மழைக்குள் மறுபடி தழைக்கும். ஒடித்ததைத் தரையில் போட்டால் ஆடு இரண்டு வாய் கடித்து, மிதித்து, அதன்மேலேயே மூத்திரம் பெய்துவிட்டுப் போய்விடும். பிறகு அந்த இலையை முகர்ந்துகூடப் பார்க்காது. ஆகவே குழையைக் கட்டாகக் கட்டிக் கயிற்றில் தொங்கவிடுவார்கள், குட்டி முன்கால் தூக்கி எட்டும் உயரத்தில். கட்டு ஆடும், ஆடு அதைத் துரத்தித் துரத்திக் கடிக்கும், காம்பும் குச்சியும் மட்டும் மிஞ்சும். கிளைரிசிடியா போல வாடை அடிக்கும் இலையை முதல் நாளே ஒடித்து வாடவிட்டுத்தான் போடுவது. வாடிய இலையில் டானினின் பிடிப்பும் ஓரளவு தளரும்.

குட்டி பிறந்து இரண்டு மூன்று வாரத்தில் தாயின் வாயோரம் நின்று இலை கொறிக்கத் தொடங்கும். அப்போது அது தின்பது வயிற்றுக்காக அல்ல, பழக்கத்துக்காக. எந்த இலை, எந்தப் பருவத்தில், எத்தனை வாய் என்பதைத் தாயிடமிருந்து கற்கிறது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஃபிரெட் ப்ரொவென்சாவும் அவரோடு பணிபுரிந்தவர்களும் 1980களிலிருந்து இந்தக் கற்றலைச் சோதித்துப் பார்த்தார்கள். அங்குள்ள ‘பிளாக்பிரஷ்’ புதரின் இளங்கொப்பில்தான் டானின் அதிகம். வெள்ளாடுகள் அதைத் தின்று வயிறு கெட்டபின், முற்றிய கொப்புக்கு மாறக் கற்றுக்கொண்டன. கிடாக்குட்டியைச் சந்தையில் வாங்கிவந்து புது இடத்தில் கட்டினால் முதல் பத்து நாள் மெலிவதற்கும் இதில் ஒரு காரணம் உண்டு. அங்கிருக்கும் இலைகள் அதற்குத் தெரியாதவை.

கோடைதான் இந்தச் சரிவில் சோதனைக்காலம். புல் கருகி, இலையுதிர் மரங்கள் மொட்டையான பங்குனி, சித்திரையில் கருவேல நெத்து உதிரும். அதை உலுக்கியும் பொறுக்கியும் ஆட்டுக்குப் போடுவது தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்கள் எல்லாவற்றிலும் உண்டு. நெத்தின் தோலில் துவர்ப்பு நிறைய. உள்ளே புரதமும் மாவும். ஆடு நெத்தை மென்று, அசைபோடும்போது கடினமான விதைகளைத் துப்பும். சில புழுக்கையோடும் வெளியேறும். பட்டியில் கிடக்கும் அந்த விதைகள் சட்டென்று முளைக்கும் என்பதால் வேல் நாற்றுக்கு அவற்றைச் சேகரித்துப் பயன்படுத்துவது நெடுநாள் வழக்கம். வேலுக்குப் பெரிய தேவையும் வந்தது: சுவீடன் உதவியோடு 1981இல் தொடங்கிய சமூகக் காடுகள் திட்டத்தில் தமிழ்நாட்டின் ஏரிகளில் கருவேல் பெருமளவில் நடப்பட்டது. காட்டை அழிப்பதாகப் பழி சுமந்த பிராணிக்கு விதை நேர்த்தி செய்யும் திறமையும் இருந்திருக்கிறது.

அந்தப் பழிக்கு நீண்ட வரலாறு உண்டு. மதுரை நாயக்கர் காலப் பாளையங்களில் ஒன்றான போடி, ஆங்கிலேயர் ஆட்சியில் ஜமீன் ஆனது. சுற்றுவட்டாரக் காட்டில் ஒரு பகுதி ஜமீனுக்கும் மறுபகுதி அரசுக்கும் உரியது. வனவியலாளர் டீட்ரிச் பிராண்டிஸ் மதராஸ் மாகாணத்துக்கு வந்து ஆலோசனை வழங்கிய நாள்களில், 1882இல், மதராஸ் வனச்சட்டம் நிறைவேறியது. அதன் வரையறையில் ‘கால்நடை’ என்ற சொல்லுக்குள் ஆடும் குட்டியும் வந்தன. ஒதுக்குக்காட்டில் அனுமதியின்றி மேய்வது குற்றமானது. மாட்டுக்குக் கட்டணம் கட்டி உள்ளே விடலாம் என்ற இடங்களிலும் வெள்ளாட்டின் மீது வனத்துறையின் பார்வை கடுமையாகவே இருந்தது. மாடு புல்லைத் தின்னும், வெள்ளாடு மரத்தின் மறுபிறப்பையே தின்றுவிடும் என்பது வனவியலாளர் வாதம். மத்தியதரைக் கடல் நாடுகளிலும் இதே வாதம்தான். சைப்ரஸில் 1913இல் வெள்ளாட்டை ஊரைவிட்டு விலக்க ஒரு சட்டமே வந்தது. இளங்கன்றின் நுனியை ஆடு கடிப்பது உண்மை. ஆனால் அதே காட்டில் கரிக்கும் விறகுக்கும் தோட்டத்துக்கும் விழுந்த மரங்களின் கணக்கை அதே தராசில் வைத்தால் ஆட்டின் தட்டு அவ்வளவு தாழாது.

மேய்ச்சல் குறைகளை விசாரிக்க 1912–13இல் மதராஸ் வனக்குழு அமைந்தது. சிறுகாடுகளை ஊர்ப் பஞ்சாயத்துகளின் பொறுப்பில் விடும் ஏற்பாடு அதன்பின் வந்தது. ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இல் வந்தபோது ஜமீன் காடுகளும் அரசின் கைக்கு மாறின. அதோடு, ஜமீன் ஆளுக்கு ஏதோ கொடுத்துச் சமாளித்துவந்த மேய்ப்பவர் வனத்துறையின் அனுமதிச் சீட்டுக்குள் வர வேண்டியதாயிற்று. இதன் விளைவு குழையில் தெரிந்தது. காட்டுக்குள் போக முடிந்தவரை ஆடு ஒரு பகலில் பலவகை இலைகளைக் கலந்து தின்றது. வெளியே நிறுத்தப்பட்டபின் மேய்ச்சல் புறம்போக்கு, கண்மாய்க்கரை, ஓடைக்கரை, சாலையோரப் புளி என்று சுருங்கியது. வகை குறைந்தது, கிடைத்த ஒன்றிரண்டும் பெரும்பாலும் துவர்ப்பு மிகுந்த வேலும் புளியும்.

துவர்ப்பின் இன்னொரு வாழ்க்கை தோல் தொழிலில் நடந்தது. போடிக்குக் கிழக்கே திண்டுக்கல்லும் வத்தலகுண்டும் தோல் பதனிடும் ஊர்களாக வளர்ந்தன. ஆட்டுத்தோலை ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறவைத்து, கடைசியில் கடுக்காய்க் கரைசலில் முக்கி எடுத்தால் வெளிர்நிறத்தில் மென்மையான தோல் கிடைக்கும். மதராஸிலிருந்து கப்பலேறிய பதனிட்ட தோல் இப்படிப்பட்டதுதான். ஆவாரம்பட்டையில் 100க்குச் சுமார் 18 பங்கு டானின், கடுக்காயில் சுமார் 30. இரண்டும் ஆடு மேயும் அதே கரட்டிலும் சரிவிலும் விளைபவை. உயிரோடு இருக்கையில் துவர்ப்பைத் தின்று வளர்ந்த ஆடு, அறுபட்டபின் அதே துவர்ப்பில் ஊறிற்று. 1903இல் ஆல்ஃபிரெட் சாட்டர்டன் என்ற பொறியாளர், பட்டைக்குப் பதில் குரோம் உப்பால் தோல் பதனிடும் முறையை மதராஸில் சோதித்தார். சென்னையின் குரோம்பேட்டைக்குப் பெயர் வந்தது அந்த முறையை மேற்கொண்ட ஆலையால். தென்னாப்பிரிக்க வேட்டில் பட்டையும் வந்து சேர, ஆவாரம்பட்டை உரிப்பவர்களின் பிழைப்பு மெல்லத் தேய்ந்தது. ஆயினும் கிடாவின் விலையில் தோலுக்கு ஒரு பங்கு என்ற கணக்கு வெகுகாலம் நீடித்தது. முள்ளில் கீறாத தோலுக்கு மதிப்புக் கூடுதல் என்பதால், முட்காட்டு மேய்ச்சலுக்கு அந்த வகையிலும் ஒரு குறை இருந்தது.

மேலே ஏலமலையில் கதை வேறு. திருவிதாங்கூர் அரசின் ஏலக்காய் ஏகபோகம் 1896இல் நீங்கியதும் தோட்டங்கள் பெருகின. கீழே முல்லைப்பெரியாறு அணையின் நீர் 1895 முதல் பள்ளத்தாக்கில் பாயத் தொடங்கியிருந்தது. போடி, தேவாரம், கம்பம் ஊர்களின் முதலும் உழைப்பும் மலையேறின. மதுரையிலிருந்து 1928இல் போடிக்கு ரயில் வந்தது. ஏலச்செடிக்கு நிழல் வேண்டும், ஆனால் மழைக்காலத்தில் இருட்டு ஆகாது. ஆகவே தென்மேற்குப் பருவமழைக்கு முன் நிழல்மரங்களைக் கழித்துவிடுவார்கள். ஒரே சமயத்தில் குவியும் இந்தத் தழையில் ஆட்டுக்கு ஆகிவருவது பலாவும் முருக்கும். தோட்டக்காரர்களுக்கு உள்ளே ஆடு நுழைவது பிடிக்காது. கழித்த கொப்பு வெளியே போவதில் தடையில்லை. பலா இலை துவர்ப்பானது, ஆடு விரும்பித் தின்பது. முருக்கு இலையில் புரதம் அதிகம், துவர்ப்புக் குறைவு. இரண்டையும் சேர்த்துப் போட்டால் வளரும் குட்டி தேறும் என்பது அனுபவம். அது ஏன் என்பதற்கு வேதியியல் பதில் சொல்ல 1970கள் வரை ஆயிற்று.

ஆட்டின் முதல் வயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. இலையின் நல்ல புரதத்தை அவை பிரித்து அம்மோனியா ஆக்கிவிடும். அதில் ஒரு பகுதி மூத்திரமாகப் போய்விடும். டானினில் அடர்வகை என்று ஒன்று உண்டு; அது அங்கே புரதத்தைக் கட்டிப்பிடித்துக் கொள்கிறது. முதல் வயிற்றின் அமிலநிலை ஏறத்தாழ நடுநிலை. அதில் அந்தக் கட்டு அவிழாது. நாலாவது வயிற்றின் கடும் அமிலத்தில் அவிழ்ந்து, புரதம் குடலுக்குப் போய்ச் சேர்கிறது. இதை ஜோன்ஸ், மங்கன் என்ற இருவர் 1977இல் சைன்ஃபாயின் என்ற தீவனப்பயிரைக்கொண்டு காட்டினார்கள். ஆனால் கட்டிப்பிடிக்கத் தகுந்த புரதம் அருகில் இருந்தால்தான் இதில் லாபம். வெறும் துவர்ப்பிலையை மட்டும் போட்டால் டானின் நுண்ணுயிரின் நொதிகளையே பிடித்து முடக்கும். நார் செரிக்காது, பசி மந்தமாகும், புழுக்கை சிறுத்து இறுகும். பலாவோடு முருக்கு என்ற பழைய சேர்மானத்தின் சூட்சுமம் இதுதான்.

அளவைப் பற்றி ஆய்வுகள் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. உலர்ந்த தீவனத்தில் 100க்கு 2 முதல் 4 வரை அடர்டானின் இருந்தால் நன்மை. 5, 6ஐத் தாண்டினால் தீனி எடுப்பும் செரிமானமும் குறையும். செம்மறியைவிட வெள்ளாடு கூடுதலாகத் தாங்கும். அதற்கு ஒரு காரணம் 1994இல் ஆஸ்திரேலியாவில் வெளிப்பட்டது: வேல் இனப் புதர்களை மேய்ந்து காட்டில் திரிந்த வெள்ளாடுகளின் வயிற்றிலிருந்து டானினுக்கு அசையாத ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, ஆட்டின் லத்தீன் பெயரால் ‘காப்ரினஸ்’ என்று அழைத்தார்கள். பழகாத ஆட்டுக்கு இந்தத் துணை கிடையாது. ஆகவே புதுக்குழையைக் கொஞ்சம் கொஞ்சமாக, சில நாள் இடைவெளி கொடுத்துக் கூட்ட வேண்டும் என்பதும் வெறும் பத்தியம் அல்ல.

துவர்ப்பு இன்னொரு வழியிலும் குட்டியைக் காக்கிறது. மழைக்காலத்தில் குட்டிகளைச் சாய்ப்பது இரத்தம் உறிஞ்சும் வயிற்றுப்புழு. தாடை தொங்கி, கண் வெளுத்து, நன்றாக இருந்த குட்டி பத்தே நாளில் படுத்துவிடும். புழுவின் முட்டையிலிருந்து வரும் புழுக்குஞ்சு புல்லின் அடியில், ஈரத்தில் காத்திருக்கும்; உயரத்தில் குழை தின்னும் ஆட்டுக்கு அது எட்டுவதே குறைவு. அதற்குமேல் டானின் புழுவின் முட்டையிடலையும் குறைக்கிறது. அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் செரிசியா என்ற துவர்ப்புத் தீவனத்தை 2000க்குப் பிறகு வெள்ளாடுகளுக்கு இதற்காகவே ஊட்டிப் பார்த்தார்கள். இசத்நகரிலுள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆல் குடும்பத்து மரமொன்றின் இலையையும் கொய்யா இலையையும் கலந்து, தீவனத்தில் 1 முதல் 2 விழுக்காடு டானின் வருமாறு கொடுத்து ஆய்ந்தார்கள். கழிச்சல் கண்ட குட்டிக்குக் கொய்யாக் கொழுந்தையும் மாதுளைத் தோலையும் அரைத்துப் புகட்டும் ஊர்க்கைவைத்தியம் இதற்கு வெகு தூரத்தில் இல்லை.

1970களில் சுபாபுல் வந்தபோது குழைப் பஞ்சம் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கை பிறந்தது. வேகமாக வளரும், ஒடிக்க ஒடிக்கத் தழைக்கும், புரதமும் நிறைய. துவர்ப்போடு மைமோசின் என்ற நஞ்சும் அதில் இருப்பதுதான் சிக்கல். அதிகம் தின்ற ஆட்டுக்கு முடி கொட்டும், கழுத்துச் சுரப்பி வீங்கும். ஹவாய்த் தீவின் வெள்ளாடுகளுக்கு ஒன்றும் ஆகாதிருப்பதை ரேமண்ட் ஜோன்ஸ் என்ற வேறொரு ஆய்வாளர் கவனித்து, அவற்றின் வயிற்று நுண்ணுயிரை 1980களில் ஆஸ்திரேலியக் கால்நடைகளுக்கு மாற்றினார். 1992இல் அந்த நுண்ணுயிருக்கு அவர் பெயரையே வைத்தார்கள். இங்கே பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுபாபுல் வேண்டாம் என்ற விதியோடு அது நிலைத்தது. அடிவாரமெங்கும் பரவிய சீமைக்கருவேலத்தின் இலையை ஆடு சீந்தாது, நெத்தை மட்டும் தின்னும். சரிவுகளை மூடிய உன்னிச்செடியோ துவர்ப்புமல்ல, தீவனமுமல்ல. தின்றால் ஈரல் கெடும்.

2011இல் தமிழக அரசு ஏழைப் பெண்களுக்குத் தலா 4 ஆடுகளை விலையின்றி வழங்கத் தொடங்கியதும் மேய்ச்சல் நிலமே இல்லாத வீடுகளுக்கும் ஆடு வந்தது. இன்னொரு பக்கம், மரச்சட்டத் தரையில் ஆட்டை நிறுத்தி, கோ-4 புல்லும் வேலிமசாலும் வெட்டிப் போடும் பரண்மேல் வளர்ப்பு பரவியது. 15 கிலோ குட்டிக்கு நாளுக்கு உலர்ந்த கணக்கில் ஏறக்குறைய 600 கிராம் தீனி வேண்டும். அதில் பாதியை மரக்குழையாகக் கொடுத்தால் ஒரு கிலோ பச்சை இலை போதும். புல்லும் வேலிமசாலும் மட்டுமே தின்னும் பரண் ஆட்டுக்கு இந்த ஒரு கிலோதான் வேறுபாடு செய்கிறது.

காடு மேலும் விலகிக்கொண்டிருந்தது. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. தேனி மாவட்ட மலைமாடுகள் தொடர்பான வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 2022 மார்ச்சில் தமிழகக் காடுகள் அனைத்திலும் மேய்ச்சலைத் தடை செய்து, பின்னர் அதைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்ற அளவுக்குக் குறைத்தது. மேய்ச்சல் உரிமையைக் கணக்கில் எடுத்த 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் ஒருபுறம், புலி ஒருபுறம் என்ற இழுபறியில் பேச்செல்லாம் மாட்டைப் பற்றியே இருந்தது. வெள்ளாடு அதற்கு நெடுங்காலம் முன்பே வெளியேற்றப்பட்டுவிட்டது.

இப்போது குழை இருசக்கர வண்டியின் பின்னால் கட்டாக வருகிறது. பக்ரீத்துக்கு முந்தைய நாள்களில் ஊர்களில் அது விலைக்கும் கிடைக்கும். விற்பவருக்கு ஒரு மரத்தில் ஏறி ஒரே மூச்சில் ஒடிப்பதுதான் கட்டுப்படியாகும் என்பதால் கட்டு முழுக்க வாகையாகவோ, முழுக்க பலாவாகவோ இருக்கும். விவரம் தெரிந்தவர்கள் இரண்டு கட்டு வாங்கி, பிரித்து, கலந்து கட்டித் தொங்கவிடுகிறார்கள்.